ஏஐ செயலி தரும் புள்ளிக் கோலம்: சந்தா கட்டலாமா?

மார்கழிக்குக் கோல மாதிரி தேடுகிறவர்கள் பலர் இப்போது படம் வரையும் ஏஐ செயலிகளிடம் போகிறார்கள். வாட்ஸ்அப் கோலக் குழுக்களிலும் அந்தப் படங்கள் நிறையச் சுற்றுகின்றன. அதனால் அப்படி ஒரு செயலிக்கு மாதச் சந்தா கட்டி, கோலத்துக்கு மட்டும் பயன்படுத்திப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்ண ரங்கோலிக்கு வைத்துக்கொள்ளலாம், புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து வளைந்து போகும் சிக்குக் கோலத்துக்கு வேண்டவே வேண்டாம்.

ரங்கோலி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மயில், பொங்கல் பானை, கரும்பு, மாட்டுப் பொங்கலுக்குக் காளை என்று தமிழிலேயே கேட்டாலும் புரிந்துகொள்கிறது. ராமர் நீலத்துக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை எடுப்பாக இருக்கும் என்று பார்க்க நல்ல வசதி, பொடி வாங்கிக் கொட்டிப் பார்க்கும் செலவு மிச்சம். படத்துக்குள் எழுதும் தமிழ் எழுத்து மட்டும் இன்னும் நம்பும்படி இல்லை, ‘வாழ்த்துகள்’ என்பதில் புள்ளி எங்காவது காணாமல் போகிறது.

சிக்குக் கோலத்துக்கு வருகிறேன். எளிதான ஒன்றையே கேட்டேன்: 7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி (அதாவது ஒரு வரிசையின் புள்ளி பக்கத்து வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வரும்). கோலம் போடுகிற யாருக்கும் கணக்கு தெரியும். நடுவரிசையில் 7, அதற்கு மேலும் கீழும் 6, 5, 4, மொத்தம் 37 புள்ளி. செயலி கொடுத்த படம் முதல் பார்வைக்கு அவ்வளவு அழகு. சாணம் மெழுகிய கரும்பச்சைத் தரை, ஓரத்தில் காவி, நடுவில் பளிச்சென்று வெள்ளைக் கோடு, ஒரு நடுக்கம் கிடையாது. புள்ளியை எண்ணினால் இடப்பக்கம் ஒரு கணக்கு, வலப்பக்கம் ஒரு கணக்கு. சரி, புள்ளியை விடுங்கள், கோட்டின் மேல் விரலை வைத்துத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். இரண்டு வளைவு தாண்டியதும் கோடு இன்னொரு கோட்டுக்குள் கரைந்துவிடுகிறது. ஓர் இடத்தில் மூன்று கோடுகள் ஒன்றாக முட்டி நிற்கின்றன. இன்னோர் இடத்தில் புள்ளியைச் சுற்றாமல் புள்ளியின் மேலேயே ஏறிப் போகிறது. திரும்பத் திரும்பக் கேட்டேன், ‘ஒரே கோடு, தொடங்கிய இடத்தில் முடிய வேண்டும்’ என்று விளக்கமாகவும் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் வேறொரு அழகான படம் வந்தது. ஒன்றிலும் கோடு மூடவில்லை.

இயந்திரம் பிசிறில்லாமல் செய்யும், மனிதக் கை பிசகும், அந்தப் பிசகுதான் அழகு என்று கலையைப் பற்றிப் பேசும்போது பொதுவாகச் சொல்வார்கள். கோலத்தில் அது அப்படியே தலைகீழாக இருக்கிறது. கை நடுங்கிப் போட்ட கோலத்தில் விதி உடைவதில்லை, புள்ளி சரியாக இருக்கும், கோடு மூடும். நடுக்கமே இல்லாத இந்தப் படத்தில்தான் விதி உடைந்து கிடக்கிறது.

காரணம் அந்தச் செயலி வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது. பெரும்பாலான பட ஏஐக்கள் வெறும் புள்ளிப் புகைமூட்டம் மாதிரியான ஒன்றில் தொடங்கி, படம் முழுவதையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாக்குகின்றன. அங்கே யாரும் ஒரு கோட்டைத் தொடங்கி இழுத்துக்கொண்டு போவதில்லை. கோலம் எப்படித் தெரியும் என்பது லட்சக்கணக்கான படங்களிலிருந்து அதற்குப் பழகியிருக்கிறது, கோலம் எப்படிப் போவது என்பது பழகவில்லை. கணினியால் முடியாது என்றும் இதற்கு அர்த்தமில்லை. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் கோலங்களுக்கு இலக்கண விதி எழுதி 1974ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். விதியைச் சொல்லிக்கொடுத்தால் ஒரு சின்ன நிரல்கூட மூடிய கோலத்தைப் பிழையில்லாமல் வரைந்துவிடும். எனவே நாளைக்கே ஏதாவது ஒரு ஏஐ இதைச் சரியாகப் போட்டுவிடலாம், அதை நான் மறுக்கவில்லை.

அப்போதும் எனக்கு ஒரு குறை மிச்சமிருக்கும். அது என்ன என்பதை இந்தச் செயலியின் இன்னொரு வசதியே எனக்குக் காட்டியது. ‘கையால் போட்டது போல’ வேண்டும் என்று கேட்டால் கோட்டில் நடுக்கத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது. படம் முழுக்க ஒரே அளவு நடுக்கம், மூலைக்கு மூலை ஒன்றுபோல. உண்மையில் வாசலில் குனிந்து போடும்போது நடுக்கம் அப்படியா வரும்? தொடக்கத்தில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு சீராக இறங்கும், கோடு மெலிசாக வரும். பிடிமாவு தீரப்போகும்போது இழை விட்டு விட்டு விழும், புதுப்பிடி எடுத்ததும் ஓர் அங்குலத்துக்குக் கோடு தடிக்கும். தண்ணீர் தெளித்தது காயாத இடத்தில் மாவு ஒட்டிக்கொண்டு அடர்த்தியாகும், சிமெண்டு பெயர்ந்த இடத்தில் கோடு ஒரு துள்ளு துள்ளும். போட்டவள் எந்தப் பக்கம் நின்றாள், எங்கே எட்டாமல் சுற்றி வந்தாள், எங்கே பால்காரர் வந்ததால் நிறுத்தினாள் என்பதைக்கூடக் கூர்ந்து பார்த்தால் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பிசிறுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணங்கள் எல்லாம் அன்றைய விடியற்காலையைச் சேர்ந்தவை. காரணமே இல்லாமல் மேலே தூவிய நடுக்கத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தால் வெறுமையாகத் தெரிகிறது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, கோலம் போடத் தெரிந்தவர்கள் உடனே ஒத்துக்கொள்வார்கள். பாதிக் கோலத்தில் ஒரு வளைவைத் தப்பாகத் திருப்பிவிட்டால் நல்ல கை அதை அழிப்பதில்லை. எதிர்ப்பக்கத்திலும் அதே இடத்தில் அதே மாதிரி திருப்பி, தப்பை ஒரு புது இதழாக்கி, மிச்சத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டு போய், கோட்டையும் மூடிவிடும். அப்படிப் பிறந்த கோலம் மறுநாள் பக்கத்து வாசலில் வரும், அப்புறம் யாராவது ஒருவரின் கோல நோட்டில் ஏறும். கோல நோட்டுகளில் நாம் பொக்கிஷம் மாதிரி வைத்திருக்கும் மாதிரிகளில் எத்தனை இப்படி ஒரு பிசகைச் சமாளித்ததில் பிறந்தவையோ! செயலிக்குத் தன் தப்பு தப்பென்றே தெரியவில்லை, எனவே சமாளிக்க அதற்கு ஒன்றும் இல்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறொரு இடத்தில். இந்தப் படங்களைக் கோல மாதிரி என்று குழுக்களில் போடுகிறார்கள், கற்றுக்கொள்ள ஆசைப்படும் பெண் ஒருத்தி அதைப் பார்த்துப் புள்ளி வைக்கத் தொடங்குகிறாள். கால்வாசியில் கோடு எங்கும் போக மாட்டேன் என்று நிற்கும்போது, படம் பொய் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தனக்குக் கணக்கு வரவில்லை, கை வரவில்லை என்றுதான் நினைப்பாள். குழு நடத்துகிறவர்கள் தயவுசெய்து ஏஐ படம் என்று மேலே எழுதாமல் எதையும் அனுமதிக்காதீர்கள். மாதிரி எடுக்கிறவர்கள், மாவைத் தொடும் முன் ஒரு பென்சிலால் கோட்டை ஒரு சுற்று தொடர்ந்து பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

ரங்கோலி வண்ணத்துக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருகிறேன், புள்ளிக் கோலத்துக்கு ஒன்றும் தர முடியாது. பொங்கல் வரைக்கும் சந்தாவை வைத்திருப்பேன், அதற்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை. சிக்குக் கோலம் வேண்டுமென்றால் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய கோல நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், தாள் மக்கிக்கொண்டிருக்கும்.