சவுக்கா, பைப்பா, ட்ரஸ்ஸா: கூத்து மேடைக்கு விளக்கு கட்ட எது சரி?

காட்பாடிப் பக்கம் சின்னதாக ஒரு லைட் செட் வைத்திருக்கிறேன். பங்குனி பிறந்தால் ஆடி முடியும்வரை பாரதக் கூத்தும் அம்மன் திருவிழாவுமாக வண்டி ஓயாது. போன வருடம் சவுக்குக் கட்டையை ஒதுக்கிவிட்டு இரும்பு பைப்புக்கு மாறினேன். "செலவு செய்ததுதான் செய்தாய், அலுமினிய ட்ரஸ்ஸாகவே வாங்கியிருக்கலாமே" என்று தொழில்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள். ட்ரஸ் என்றால் குறுக்குக் கம்பிகள் வைத்துப் பற்றவைத்த, ஏணி மாதிரியான சட்டம்.

சவுக்கு மலிவு, பந்தல்காரரிடமே கிடைக்கும். ஆனால் அடி பருமன், நுனி ஒல்லி. பார் லைட்டை (மேடைக்கு வெளிச்சம் அடிக்கும் டப்பா போன்ற விளக்கு) மாட்டும் கிளாம்ப் ஒரே அளவான உருண்டைப் பைப்புக்கென்று செய்தது. சவுக்கில் ஒரு பக்கம்தான் கடிக்கும். அதனால் கயிற்றைச் சுற்றுவோம். தேங்காய் நார்க் கயிறு மழையில் நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வரும் வைகாசி முதல் வாரம் நம் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியுமே: ராத்திரி இடிமழை, காலையில் கொளுத்தும் வெயில். அப்படி ஒரு நாளில், துரியோதனன் திரையை விலக்கி வரும்போது என் லைட் ஆர்மோனியக்காரர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றோடு சவுக்கை விட்டேன்.

ட்ரஸ்ஸின் அழகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இலேசானது, சீக்கிரம் மாட்டலாம், நடுவில் கால் இல்லாமல் 30 அடிகூடத் தாண்டும். கமிட்டிக்காரர்களுக்கும் அதைப் பார்த்தால்தான் திருப்தி.

என்னைத் தடுத்தது பராமரிப்பு. நம் ஊர் வேலையில் சாமானை யாரும் பூப்போல இறக்குவதில்லை. டெம்போவிலிருந்து விழும், அதன் மேல் ஜெனரேட்டர் உட்காரும். ட்ரஸ்ஸில் குறுக்குக் கம்பி சேரும் இடத்தில் வெல்டிங்கில் மயிரிழை போல விரிசல் விட்டால் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு இணைப்பாகத் துடைத்துப் பார்க்க வேண்டும். தெரிந்த பிறகும் சிக்கல்தான். அலுமினியத்தைப் பற்றவைத்தால் சூடுபட்ட இடத்தில் பலம் கணிசமாகக் குறையும். செய்கிற கம்பெனி அதையும் கணக்கில் சேர்த்துத்தான் செய்திருக்கும். தெருமுனைப் பட்டறையில் ஒட்டுப் போட்டால் அந்தக் கணக்கு போச்சு. அந்தத் துண்டைக் கழித்துவிட வேண்டியதுதான்.

இரும்பு பைப் அப்படியில்லை. பாரம் தாங்காவிட்டால் முதலில் வளையும், வளைந்தது கண்ணுக்குத் தெரியும். வளைந்த 20 அடிப் பைப்பை வெட்டி 8 அடிக் கால்களாக்கிக்கொள்ளலாம். அதுவும் ஆகாதென்றால் காயலான் கடையில் கிலோ கணக்கில் காசு. வருடம் ஒருமுறை வெட்டிய முனைகளுக்கு ரெட் ஆக்சைடு, கிளாம்ப் போல்ட்டுக்குக் கொஞ்சம் கிரீஸ். என் பராமரிப்பு அவ்வளவுதான்.

வாங்கும்போது 'ஒன்றரை இஞ்ச்' என்றுதான் கேட்க வேண்டும். அது உள்ளளவை வைத்து வந்த பெயர். வெளிவிட்டம் 48 மி.மீ. கிளாம்ப்புக்கு அதுதான் பொருத்தம். நடுத்தர கனம் எடுத்தால் 20 அடிக்கு ஏறக்குறைய 22 கிலோ. எட்டு எல்இடி பார் லைட் மாட்டினால் இன்னொரு 24 கிலோ. இரண்டு முனையில் மட்டும் தாங்கினால் நடுவில் இரண்டு அங்குலம் தொய்யும். உடையாது, ஆனால் கோணல் வரும். நடுவில் கால் கொடுத்தால் கூத்துக்காரர் திட்டுவார். அதனால் பாரமான லைட்டை முனைப் பக்கம் தள்ளிக் கட்டுகிறேன். இது பைப்பின் குறை, மறைப்பதற்கில்லை. இன்னொன்று, சவுக்கைப் போல் இல்லாமல் இதில் கரண்ட் பாயும். எர்த் கொடுக்காமல் லைட்டைப் போடவே கூடாது.

எதில் கட்டினாலும் ஒவ்வொரு லைட்டுக்கும் தனியாக ஒரு சேஃப்டி வயர் (கழன்றாலும் லைட் கீழே விழாமல் பிடிக்கும் கம்பிக் கயிறு) போட வேண்டும். அதைக் கிளாம்ப்பில் மாட்டிப் பயனில்லை, கழன்று விழப்போவதே கிளாம்ப்தான். பைப்பைச் சுற்றி வர வேண்டும், தொய்வும் அதிகம் இருக்கக் கூடாது.

மூவிங் ஹெட்டில் (மோட்டாரில் தலை திரும்பும் லைட்) எனக்கு அனுபவம் குறைவு, நாலைந்து நிகழ்ச்சிதான். ஒன்றே 20 கிலோவுக்குப் பக்கம் வரும். தலை திரும்பும்போதெல்லாம் என் பைப் ஆடியது. அப்படி ஆர்டர் வந்தால் ட்ரஸ்ஸை ஆளோடு வாடகைக்கு எடுத்துவிடுகிறேன். பைப் அன்றைக்கு வண்டியிலேயே கிடக்கும்.