காரில் ஸ்பார்க் பிளக் மாற்றப் போகிறீர்களா? "6க்கு 6 சரியா இருக்கு" என்றால் நம்பாதீர்கள்

பில்லில் எழுதியது இரிடியம் பிளக் நாலு. எஞ்சினுக்குள் இருந்ததோ சாதா நிக்கல் பிளக் நாலு, அதுவும் என் எஞ்சினுக்கான அளவே இல்லை. மூன்று மாதம் ஓட்டிய பிறகுதான் தெரிந்தது.

சர்வீசுக்கு விட்டபோது பிளக் மாற்ற வேண்டும் என்றார்கள். வண்டி லட்சம் கிலோமீட்டரை நெருங்கியிருந்தது, சரி என்றேன். பழைய பிளக்குகளைக் கேட்டு வாங்கவில்லை, அது என் தப்பு. முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் காலையில் ஸ்டார்ட் செய்தால் திக்கித் திக்கி ஓடும், சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் வரை நடுங்கும், கடைசியில் செக் எஞ்சின் லைட்டும் வந்துவிட்டது. போய்க் கேட்டால் முதலில் பெட்ரோல் சரியில்லை என்றார்கள், அடுத்த முறை பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் போயிருக்கும், நாலையும் மாற்றிவிடலாம் என்றார்கள். அங்கேதான் சுதாரித்தேன்.

வேறொரு மெக்கானிக் ஸ்கேனரை மாட்டியதும் பி0302 என்று வந்தது, இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பிளக்கைக் கழற்றி, புதிதாக வாங்கிய சரியான பிளக்கோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். எனக்கு வர வேண்டியது என்ஜிகே கம்பெனியின் ஐஎல்எஃப்ஆர்6 வகை, மரையின் நீளம் 26.5 மிமீ, நடு முனை ஊசி மாதிரி இருக்கிறது. உள்ளே இருந்தது பிகேஆர்6இ-11, மரை 19 மிமீ, நடு முனை கட்டை. இரண்டுக்கும் விட்டம் 14 மிமீ, ஸ்பேனரும் அதே 16, அதனால் தடையில்லாமல் ஏறிவிட்டது. ஆனால் பொறி எரியறைக்குள் வராமல் துளைக்குள்ளேயே பதுங்கி அடித்திருக்கிறது. பிளக் எட்டாமல் விட்ட அந்த 7.5 மிமீ மரை முழுக்கக் கரி. அப்படியே சரியான பிளக்கைத் திருகியிருந்தால் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டின் மரையே போயிருக்கும் என்று, மரை வெட்டும் டேப் கருவியில் கிரீஸ் தடவிப் பொறுமையாகச் சுத்தம் செய்து கொடுத்தார். குட்டையாகப் போனதே நல்லது என்றார். தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் பிஸ்டன் வந்து முட்டும்.

பழைய இடத்தில் போய்க் கேட்டேன். "நம்பர் பாத்துத்தான் சார் போட்டோம், அதுலயும் 6, இதுலயும் 6" என்கிறார். அந்த 6 அளவே இல்லை, ஹீட் ரேஞ்ச். பிளக் முனையின் சூடு எவ்வளவு வேகமாக ஹெட்டுக்கு இறங்கும் என்பதற்கான எண். அதிலும் என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ச்சியான பிளக், பாஷில் எண் கூடினால் சூடான பிளக், ஆக கம்பெனி மாறினால் அதையும் அப்படியே ஒப்பிட முடியாது. மரை நீளம் எழுத்துகளில் இருக்கிறது: பிகேஆர்6இ-11 என்பதில் 'இ' என்றால் 19 மிமீ, 'ஆர்' என்றால் உள்ளே ரெசிஸ்டர் (மின்தடை) உண்டு, கடைசி 11 என்பது பொறி தாவும் 1.1 மிமீ இடைவெளி. எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் படித்திருக்கிறார்.

அதனால் வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள பிளக்கின் முழுக் குறியீட்டையும், எழுத்து எண் எல்லாம் சேர்த்து, எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். புது டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், கழற்றிய பிளக்கைப் பக்கத்தில் வைத்து மரையையும் முனையையும் பாருங்கள், பழையதை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். முதல் சில சுற்று கையால்தான் திருக வேண்டும், எடுத்த எடுப்பில் ஸ்பேனரைப் போட்டு இழுப்பவரைத் தடுத்துவிடுங்கள். இரிடியம் முனையைக் கம்பியில் தேய்த்து இடைவெளி சரிசெய்பவரையும்தான், அது அவ்வளவு மெல்லியது.

இரிடியத்துக்கு வாங்கிய பணம்? "அடுத்த சர்வீஸ்ல கழிச்சுக்கலாம் சார்" என்கிறார். அடுத்த சர்வீசாம், அதுவும் அவரிடமே!