கெல்டிக் தண்டரா, ஹை கிங்ஸா?

இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அயர்லாந்தில் கிளம்பிய ஆண் பாடகர் குழுக்கள். ஆனால் முதல்முறை கேட்கும்போதே வேறுபாடு தெரிந்துவிடும்.

கெல்டிக் தண்டர் மேடைக்காகவே வார்த்த குழு. 2007-இல் டப்ளின் ஹீலிக்ஸ் அரங்கில் பதிவான முதல் நிகழ்ச்சியில் ஐந்து பேர். இசைப் பொறுப்பு ஃபில் கோல்ட்டர். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம்: பால் பைரமுக்குச் செவ்வியல் குரல், ரயன் கெல்லிக்கு வில்லத்தனமான மிடுக்கு, டேமியன் மெக்கின்டிக்கு அப்போது வயது 14. ஒளியும் வாத்தியப் படையும் சில இடங்களில் குரலையே அமுக்கிவிடுகின்றன. குழு என்கிறார்கள், பெரும்பாலும் தனிப்பாடல்கள்தான்! அந்தப் பகட்டுக்கு நடுவே கிளாஸ்கோக்காரர் ஜார்ஜ் டொனால்ட்சன் அலட்டிக்கொள்ளாமல் பாடும்போதுதான் எனக்குக் காது நிமிர்ந்தது. அவர் 2014-இல் காலமானார்.

ஹை கிங்ஸ் நால்வரோ பாட்டோடு கிட்டார், பாஞ்சோ, போரான் பறை என்று தாங்களே வாசிக்கிறார்கள். முதல் ஆல்பம் 2008-இல் வந்தது. தொடக்க நால்வரில் ஃபின்பார் கிளான்சி, ஐரிஷ் நாட்டுப்பாடகர் பாபி கிளான்சியின் மகன். பின்னர் விலகிய மார்ட்டின் ஃப்யூரி, இன்னொரு நாட்டுப்பாடகர் ஃபின்பர் ஃப்யூரியின் மகன். நாட்டுப்பாடல் இவர்களுக்கு வீட்டுச் சொத்து. நான்கு குரலும் சேரும் இடத்தில் ஒட்டுத் தெரியாது.

கண்ணுக்கு விருந்து வேண்டுமானால் முன்னதைப் பாருங்கள். ஹெட்போனில் கேட்க என் ஓட்டு ஹை கிங்ஸுக்கே, டொனால்ட்சன் பாடல்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.