தொடை இடுக்கில் துடிக்கும் கட்டிக்கு த்ராம்பின் ஊசி: எங்கள் மதிப்பீடு

கால் வழியாக ஆஞ்சியோ செய்த சிலருக்கு, வீடு திரும்பிய ஓரிரு நாளில் தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி எழும்பும். கை வைத்தால் நாடியோடு சேர்ந்து துடிக்கும், வலிக்கும். ஊசி குத்திய ஓட்டை மூடாததால் தமனியிலிருந்து ரத்தம் ஒரு குறுகிய கழுத்து வழியாகக் கசிந்து, சதைக்குள் பை கட்டிக்கொள்கிறது. டிஸ்சார்ஜ் தாளில் 'சூடோஅனியூரிசம்' என்று எழுதுவார்கள். 2 செ.மீ.க்குக் குறைவான பை பல நேரம் தானாகவே உறைந்துவிடும். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் கண்காணித்தால் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோதான் சிகிச்சை.

முன்பு தோலைத் திறந்து தமனியில் தையல் போடுவதே வழி. பிறகு, ஸ்கேன் கருவியை வைத்துக் கழுத்தை அழுத்திப் பிடிக்கும் முறை வந்தது. ஒவ்வொரு முறையும் 10 முதல் 20 நிமிடம் அழுத்த வேண்டும். நோயாளிக்குக் கடும் வலி, அழுத்துபவருக்குக் கை மரத்துப்போகும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களிடம் அடிக்கடி தோற்றும் போகிறது. ஸ்டென்ட் வைத்தவர்களில் பெரும்பாலோர் அந்த மருந்தில்தானே இருப்பார்கள்! அதனால்தான், ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் மருந்தைப் பைக்குள் ஊசியாகப் போடும் முறைக்கு எங்கள் ஓட்டு. உறையாமை மருந்து நிறுத்தாமலேயே வேலை செய்கிறது. கழுத்து குறுகலாக இருந்தால் நூற்றுக்கு 95க்கு மேல் வெற்றி.

செய்முறை இதுதான். டாப்ளரில் பைக்குள் சிவப்பும் நீலமும் சுழன்றுகொண்டிருக்கும். 21 அல்லது 22 கேஜ் அளவு மெல்லிய ஊசியைப் பைக்குள், கழுத்திலிருந்து விலகிய ஓரத்தில் நிறுத்தி, மில்லிக்கு 500 முதல் 1000 யூனிட் கரைசலை 0.1, 0.2 மில்லியாகச் செலுத்துவார்கள். சில நொடியிலேயே நிறங்கள் அணைந்து, பை சாம்பல் நிறமாக உறைந்து நிற்பதைத் திரையில் பார்க்கலாம். அந்தக் கணமே ஊசி நிற்க வேண்டும். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று தள்ளினால் மருந்து கழுத்து வழியாகத் தமனிக்குள் கசிந்து, காலில் ரத்தம் அடைத்துவிடும். எனவே பாத நாடியை முன்னும் பின்னும் தொட்டுப் பார்க்காத இடத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். த்ராம்பின் சிரிஞ்சுக்குள் ரத்தத்தை இழுத்துப் பார்ப்பதும் தவறு. உள்ளேயே உறைந்து ஊசி அடைத்துக்கொள்ளும்.

மருந்து மனித ரத்தத்திலிருந்து எடுத்ததா, மாட்டிலிருந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டு த்ராம்பினில் ஒவ்வாமை அபாயம் கூடுதல். முன்பே ஒருமுறை போட்டிருந்தால் அதை அவசியம் சொல்லிவிடுங்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டியின் மேல்தோல் கருத்திருந்தாலோ, சீழ் பிடித்திருந்தாலோ, கால் குளிர்ந்து மரத்தாலோ, கழுத்து அகலமாக இருந்தாலோ அறுவைதான். தமனியும் சிரையும் ஒட்டிக்கொண்ட ஃபிஸ்டுலாவில் த்ராம்பின் சிரைக்குள் போய்விடும், போடவே கூடாது. தமனிக்குள் உறை போட்ட ஸ்டென்ட் வைத்து ஓட்டையை மூடலாமே என்பார்கள். இடுப்பு மடங்கும் இடத்தில் ஸ்டென்ட் நசுங்கவோ முறியவோ வாய்ப்பு இருப்பதால், அதை வேறு வழி இல்லாதபோது மட்டும் யோசிக்கலாம்.

சென்னையில் எங்கே போவது? ஆஞ்சியோ செய்த இடமே முதல் வாசல். அங்கே ரத்தநாள நிபுணர் இல்லையென்றால், சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைக்குத் தனித்துறையே இருக்கிறது. கட்டி திடீரென வீங்கினாலோ, தலைசுற்றலோடு இடுப்பு, முதுகு வலி வந்தாலோ ஆட்டோவுக்காக நிற்காமல் 108ஐ அழையுங்கள்.

ஊசிக்குப் பின் சில மணி நேரம் காலை நீட்டிப் படுக்க வேண்டும். மறுநாள் டாப்ளர் பார்க்காமல் ஊருக்குக் கிளம்பாதீர்கள். சிலருக்கு பை மீண்டும் திறந்துகொள்ளும். அப்போது இரண்டாவது முறை ஊசி போட்டாலே பெரும்பாலும் அடைந்துவிடும்.