டெக்சாஸ் வரி விலக்கு: இல்லாத எண்ணைக் கேட்கும் கல்லாக்கள்

டெக்சாஸில் தமிழ்ப் பள்ளியோ சங்கமோ பதிவு செய்து, மத்திய வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் 501(சி)(3) கடிதமும் (லாப நோக்கமற்ற அமைப்புக்கான மத்திய வரி விலக்குக் கடிதம்) வாங்கிவிட்டவர்கள் அடுத்துக் கேட்பது: மாநில வரி விலக்கு தானாக வந்துவிடுமா? வராது. மாநில வரிகளைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்துக்கு ஏபி-204 படிவத்தைத் தனியாக அனுப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. ஐஆர்எஸ் கடித நகலை ஒரு பக்கம் விடாமல் இணைத்துவிடுங்கள். அதிலுள்ள பெயரும் மாநிலப் பதிவுப் பெயரும் 'இன்க்.' உட்பட ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சுருக்கமான அரசுப் படிவம் அபூர்வம்.

எரிச்சல் அதற்குப் பிறகுதான். கடையில் கொடுக்க வேண்டியது 01-339 படிவத்தின் பின்பக்கத்தில் உள்ள விலக்குச் சான்றிதழ். முன்பக்கம் மறுவிற்பனைக்கானது, அதை நிரப்பிக் கொடுத்துவிட்டு முழிப்பவர்கள் உண்டு. பின்பக்கச் சான்றிதழ் செல்லுபடியாக எண் தேவையில்லை, 'வரி விலக்கு எண்' என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அந்தத் தாளிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கல்லாவில் இருப்பவர் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எண் எங்கே?" என்பார். இணையக் கடைகள் இன்னும் மோசம். எண் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கத்துக்கே விடாது.

வழி இருக்கிறது. கம்ப்ட்ரோலர் தந்த 11 இலக்க வரிதாரர் எண்ணை அந்தக் கட்டத்தில் போடுங்கள். ஐஆர்எஸ்ஸின் 9 இலக்க எண் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்ப்ட்ரோலர் தளத்தில் உங்கள் அமைப்பைத் தேடி, விலக்கு நிலை காட்டும் பக்கத்தை அச்சிட்டுச் சான்றிதழோடு வைத்துக்கொள்ளுங்கள். பொருள் விவரம், விலக்குக்கான காரணம், கையெழுத்து மூன்றில் எது விட்டுப்போனாலும் கடைக்காரர் திருப்பித் தருவதில் தப்பில்லை. வரி பிடித்துவிட்டால் ரசீதோடு சான்றிதழைக் கொடுத்து அதே கடையில் திரும்பக் கேட்கலாம்.

ஏபி-204 விலக்குத் தருவது ஃபிரான்சைஸ் வரி (நிறுவனங்கள் மாநிலத்துக்குக் கட்டும் வரி), விற்பனை வரி இரண்டுக்கும்தான். விருந்தினருக்கு ஓட்டல் அறை போட்டால் மாநிலத்தின் 6 சதவீத ஓட்டல் வரி உண்டு. அதற்கும் விலக்கு வேண்டுமென்றால் அறப்பணி அமைப்புக்கு ஏபி-205, கல்வி அமைப்புக்கு ஏபி-207. பின்னதற்குப் பாடத்திட்டம், ஆசிரியர்கள், பதிவான மாணவர்கள் என்று நிஜப் பள்ளியாகவே இருக்க வேண்டும். பொங்கல் விழா நடத்தும் சங்கம் தேறாது. கிடைத்தாலும் உள்ளூர் ஓட்டல் வரி போகாது.

வாங்கத்தான் விலக்கு, விற்க இல்லை. பொங்கல் கடையில் டி-ஷர்ட் விற்றால் வரி வசூலிக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு ஒருநாள் விற்பனைக்கு மட்டும் சலுகை. இன்னொன்று: 3 ஆண்டு தொடர்ந்து ஐஆர்எஸ்ஸுக்கான ஆண்டுப் படிவம் 990 தாக்கல் செய்யாமல் விட்டால் மத்திய விலக்கு தானாக ரத்தாகும், அதை நம்பி நிற்கும் மாநில விலக்கும் கூடவே போய்விடும்.

அரசுப் பக்கத்துக்கு ஐந்து நட்சத்திரம். மொத்தத்துக்கு இரண்டுதான் தருவேன். 8.25 சதவீதம் வரியுள்ள ஊரில் 2,000 டாலருக்கு நாற்காலி வாங்கினால் 165 டாலர் மிச்சம். அதற்காக மேலாளர் வரும்வரை நிற்கலாம். 15 டாலர் காகிதத் தட்டுக்கு மிச்சம் ஒன்றேகால் டாலர். பின்னால் வரிசை நீண்டிருந்தால் வரியைக் கட்டிவிட்டு வந்துவிடுங்கள்.