மைலேஜ் கருவி வாங்கி 4,200 ரூபாய் போனது: ஓட்டிக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் என்று ஒன்று இருக்கும். சர்வீஸ் சென்டரில் லேப்டாப் மாட்டிப் பார்ப்பார்களே, அதுதான். அதில் சொருகுகிற மாதிரி ஒரு சின்ன டப்பாவைப் பொருட்காட்சி ஸ்டால்களில் விற்கிறார்கள். மைலேஜ் 30 சதவீதம் கூடும் என்கிறார்கள். கூடாது. நான் காசு கொடுத்து வாங்கி, டேங்க் டேங்க்காக அளந்து, கடைசியில் பிரித்தும் பார்த்துவிட்டேன்.

என் வண்டி 2017 மாடல். வேலை விஷயமாக வாரம் இரண்டு தடவை ஈரோட்டிலிருந்து கோவை போய் வருவேன். ரொம்ப நாளாக லிட்டருக்கு 17.8 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 15.5க்கு வந்துவிட்டது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பித்ததால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பொருட்காட்சியில் அந்த ஸ்டால்காரர் முதலில் கேட்டதே அதைத்தான்: "எத்தனால் பெட்ரோல் வந்ததுக்கப்புறம் மைலேஜ் குறைஞ்சுதுங்களாண்ணா?" ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு நான் கேட்டதற்கெல்லாம் அவரிடம் பதில் தயாராக இருந்தது.

நம்பாமல்தான் நின்றேன். "நீங்க நம்பவே வேண்டாம். உங்க வண்டியிலயே ஒரு ரவுண்டு போலாம் வாங்கண்ணா. மீட்டர் சொல்லட்டும்" என்றார். இந்த இடத்தில்தான் விழுந்தேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

மைதானத்திலிருந்து கிளம்பும்போது டாஷ்போர்டில் சராசரி மைலேஜ் காட்டும் மீட்டரை ரீசெட் செய்தார். கருவியை மாட்டவில்லை. "முதல்ல இப்ப என்ன கொடுக்குதுன்னு பார்ப்போம்" என்றார். சாயங்கால நேரம், பெருந்துறை ரோட்டில் நல்ல கூட்டம், ஏசி ஓடுகிறது, இன்ஜின் இன்னும் சூடாகவில்லை. திண்டல் போய்ச் சேரும்போது மீட்டர் 12.9 காட்டியது. ஓரமாக நிறுத்தச் சொன்னார். கருவியைச் சொருகினார், பச்சை விளக்கு மின்னியது. பின்சீட்டில் வைத்திருந்த சின்ன பாட்டிலைத் திறந்து டேங்க்கில் ஊற்றினார். மறுபடி ரீசெட். "ஏசியை ஆஃப் பண்ணிக்குங்கண்ணா, அப்பத்தான் டெஸ்ட் சுத்தமா இருக்கும். அஞ்சாவது கியர்ல ஐம்பதுலயே புடிங்க" என்றார். திண்டல் தாண்டினால் ரோடு காலி. ஆறேழு கிலோமீட்டர் ஒரே வேகத்தில் போனோம். மீட்டர் 22.4 காட்டியது.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு மறுபேச்சு வரவில்லை. கருவி 3,500, பாட்டில் 700. யுபிஐ-யில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு கேரண்டி கார்டு ஒன்றைக் கொடுத்து, 30 நாளில் திருப்தி இல்லையென்றால் முழுப் பணமும் திருப்பித் தருவோம் என்றார். ஸ்டாலில் ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அது நிறுவனத்தின் நிர்வாக முறைக்குக் கொடுக்கிற சான்று, விற்கிற பொருள் வேலை செய்யும் என்பதற்கு அல்ல. வீட்டுக்கு வந்து தேடிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"முதல் 150 கிலோமீட்டர் வண்டி பழகணும், அதுவரைக்கும் வித்தியாசம் தெரியாது" என்று சொல்லி அனுப்பினார்கள். சரி என்று 200 கிலோமீட்டர் ஓட்டினேன். அப்புறம் அளக்க ஆரம்பித்தேன். ஒரே பங்க், ஒரே பம்ப், நாசில் தானாக நிற்கிறவரை மட்டும் ஃபில். 400 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே மாதிரி மறுபடி ஃபில். ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டியதுதான். கருவியோடு முதல் டேங்க் 398 கிலோமீட்டர், 25.9 லிட்டர்: 15.4. இரண்டாவது டேங்க் 405 கிலோமீட்டர், 26.1 லிட்டர்: 15.5. கருவியைக் கழற்றிவிட்டு ஒரு டேங்க் 412 கிலோமீட்டர், 26.6 லிட்டர்: 15.5.

ஒன்றுமே மாறவில்லை. அப்படியானால் அந்த 22.4 எங்கிருந்து வந்தது? ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுத் திண்டல் போனேன். அதே இடத்தில் நிறுத்தி, ரீசெட் செய்து, ஏசியை அணைத்து, ஐந்தாவது கியரில் ஐம்பதில் அதே தூரம் ஓட்டினேன். மீட்டர் 22.6 காட்டியது. கருவி இல்லாமல்! சூடான இன்ஜின், காலி ரோடு, ஒரே வேகம், ஏசி இல்லை என்றால் எந்த வண்டியும் அப்படித்தான் காட்டும். முதல் பாதியை வேண்டுமென்றே நெரிசலிலும் இரண்டாவது பாதியைக் காலி ரோட்டிலும் ஓட்ட வைத்திருக்கிறார்கள். பொய் சொல்ல வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. என் வண்டியின் மீட்டரையே எனக்கெதிராகச் சாட்சி சொல்ல வைத்துவிட்டார்கள்.

போன் செய்தேன். 1,500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கூப்பிடச் சொன்னார்கள். அதற்குள் 30 நாள் முடிந்துவிடுமே என்றதும் லைன் கட்டானது. அதற்குப் பிறகு அந்த நம்பரை யாரும் எடுப்பதில்லை.

பிறகு தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து டப்பாவைப் பிரிக்கச் சொன்னேன். உள்ளே சின்ன போர்டு, ஒரு பட்டன், மூன்று விளக்கு, அவற்றை மின்ன வைக்க ஒரு சிப். அவ்வளவுதான். வண்டியின் கணினியோடு பேச வேண்டுமென்றால் அதற்கென்று டிரான்ஸீவர் என்று ஒரு பாகம் வேண்டும், அது இதில் இல்லவே இல்லை என்று காட்டினார். சாக்கெட்டிலிருந்து கரண்ட் எடுத்து விளக்கு எரிகிறது. சாவியை எடுத்த பிறகும் எரிகிறது, ஏனென்றால் அந்தப் பின்னில் பேட்டரி கரண்ட் எப்போதும் இருக்கும். வெளிநாடுகளிலும் இதே மாதிரி டப்பாக்களைப் பிரித்தவர்கள் இதையேதான் பார்த்திருக்கிறார்கள்.

இவர்கள் எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "பெட்ரோல் முழுசா எரியாம வீணாப் போகுது, இதைப் போட்டா முழுசா எரியும்." கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இன்றைய இன்ஜினில் உள்ளே போகிற பெட்ரோல் கிட்டத்தட்ட முழுவதும் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சொல்ல, காற்றும் பெட்ரோலும் சேரும் அளவைக் கணினி ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கிறது. பெரிய நஷ்டம் எரியாமல் போவதில் இல்லை, எரிந்து வருகிற வெப்பத்தில். அதில் பாதிக்கு மேல் புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போகிறது. அதை ஒரு விளக்கு டப்பாவோ, பெட்ரோல் குழாயில் கட்டுகிற காந்தமோ தடுக்க முடியாது. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிற கிட்டும் அப்படித்தான். தண்ணீரைப் பிரிக்க ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுற்றிவிட்டுக் கரண்ட் எடுக்கிற பாகம்) தருகிற கரண்ட் வேண்டும், ஆல்டர்னேட்டர் சுற்ற அதே பெட்ரோல் வேண்டும். போடுவதைவிடக் குறைவாகத்தான் திரும்பி வரும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து, மைலேஜைக் குறிப்பிடும்படி உயர்த்துகிற ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. 1996-இல், தண்ணீரில் மூலிகை போட்டுச் செய்வதாக ராமர் பிள்ளை சொல்லி, கடைசியில் பொய்யாகப் போன மூலிகை பெட்ரோலுக்கு நாடே காத்திருந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பெட்ரோல் விலை கடிக்கும்போது நாம் நம்பத் தயாராக இருக்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதைத் தெரிந்தேதான் வருகிறார்கள்.

பாட்டில் மருந்துகளைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்ஜெக்டரில் படிந்த அழுக்கைக் கரைக்கிற நல்ல கிளீனர்கள் உண்டு. அழுக்கு இருந்து, அதனால் மைலேஜ் இறங்கியிருந்தால், பழைய நிலைக்கு ஓரளவு கொண்டுவரும். அதற்கு மேல் ஏற்றாது. எனக்கு ஊற்றிய பாட்டிலில் அந்துருண்டை வாசனை அடித்தது. உள்ளே என்ன இருந்தது என்று லேபிளில் ஒரு வார்த்தை இல்லை.

என் வண்டிக்கு உண்மையில் என்ன ஆகியிருந்தது தெரியுமா? வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணனிடம் கடைசியாகத்தான் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கி முன்சக்கரத்தைக் கையால் சுற்றினார். வலதுபக்கம் சுற்றியது, இடதுபக்கம் இறுக்கமாக நின்றது. "தம்பி, பிரேக்கு புடிச்சுக்கிட்டே ஓடியிருக்கு. வண்டி பிரேக்கையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிருக்கு பாருங்க" என்றார். பிரேக் பேடை அழுத்துகிற காலிப்பரின் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டார். டயர் காற்றும் 33 இருக்க வேண்டிய இடத்தில் 26தான் இருந்தது. மொத்தம் 450 ரூபாய். அடுத்த டேங்க்கில் 16.7 வந்தது. மீதிக் குறைவு எத்தனாலுடையது. எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. என்னுடையது போன்ற பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் குழுவே 2021-இல் சொல்லியிருக்கிறது. 17.8-இல் 6 சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். அதை எந்தக் கருவியும் திருப்பித் தராது. பணத்தைவிட எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது: கருவி வேலை செய்யும் என்று காத்திருந்த அந்த ஒன்றரை மாதமும் பிரேக் பிடித்த சக்கரத்தோடு ஹைவேயில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

யாராவது ஓட்டிக் காட்டுகிறேன் என்றால், அதே ரோட்டில் அதே வேகத்தில் கருவி இல்லாமல் ஒரு தடவை, கருவியோடு ஒரு தடவை ஓட்டுவோம் என்று சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் யுபிஐ ஸ்கிரீன்ஷாட், கேரண்டி கார்டு, பெட்டி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். நான் புகார் பதிந்துவிட்டேன். பில் இல்லாததால் இழுக்கிறது, விடப்போவதில்லை.

நாங்கள் டெஸ்ட் முடித்துத் திரும்பி வந்தபோது ஸ்டாலில் வாடகைக் கார் ஓட்டுகிற ஒரு அண்ணன் நின்றிருந்தார். "நிசமாலுமே கூடுதுங்களா?" என்று என்னிடம்தான் கேட்டார். 22.4 வந்தது என்றேன். என் வார்த்தையை நம்பி, அன்றைய சவாரிப் பணத்தை எண்ணிக் கொடுத்து அவரும் வாங்கினார். அவர் பெயரும் தெரியாது, நம்பரும் தெரியாது. அண்ணா, நீங்கள் இதைப் பார்த்தால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். என் டேங்க் கணக்கும் பிரித்த போர்டின் படங்களும் இருக்கின்றன. உங்கள் புகாரையும் நானே கூட இருந்து பதிந்து தருகிறேன்.