நேரு வீதிப் பக்கம் விற்கிற பின்னல் கிட்: நூல் அருமை, தாள்தான் சொதப்பல்

புதுச்சேரி நேரு வீதியை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன நூல் கடை, அங்கே முதல்முறை பின்னல் ஊசி பிடிப்பவர்களுக்கென்று ஒரு கிட் விற்கிறார்கள். சாயங்காலம் கடற்கரைச் சாலைக்கோ ஒரு கல்யாண வரவேற்புக்கோ போட்டுக்கொள்கிற மாதிரி கையில்லாத டாப் ஒன்றை நாமே பின்னிக்கொள்ளலாம். வடிவம் ரொம்ப எளிது. முன்னால் ஒரு செவ்வகம், பின்னால் ஒன்று, தோளிலும் பக்கத்திலும் தைத்தால் முடிந்தது, கழுத்துக்குக் கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) குறைக்கிற கணக்கெல்லாம் கிடையாது.

பருத்தி நூல் கொடுத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. நம்ம ஊர் கடல்காற்றுப் பிசுபிசுப்பில் அக்ரிலிக் போட்டால் யார் தாங்குவது? ஊசி 4 மி.மீ. மூங்கில், உலோக ஊசி மாதிரி வழுக்காது. ஆனால் கருநீலம் மட்டும் வேண்டாம், டியூப்லைட்டில் கண்ணியே கண்ணுக்குத் தெரியாது.

கூட வரும் செய்முறைத் தாள்தான் எரிச்சல். 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று போட்டவர்கள், முதலில் சின்னத் துண்டு பின்னி அளந்து பாருங்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. கை தளர்ந்து 20 வந்தாலே 100 செ.மீ. சுற்றளவு 110 ஆகிவிடும், போதாக்குறைக்குப் பருத்தி தன் பாரத்திலேயே தொங்கி நீளும். ஒரு வரிசை நிட் (நேர்க்கண்ணி), ஒரு வரிசை பர்ல் (அதையே மறுபக்கமாகப் போடுவது) என்று போனால் கீழ் ஓரம் சுருண்டுகொள்ளும் என்பதும் அதில் இல்லை. தொடக்கத்தில் ஏழெட்டு வரிசை முழுக்க நிட்டாகவே போடுங்கள்.

அப்புறம், எல்லா நூல்கண்டு லேபிளிலும் சாய எண் (எந்தத் தடவை சாயம் போட்டது என்று காட்டும் எண்) ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால் கடைக்கார அக்கா முகம் சுளிக்காமல் மாற்றித் தருகிறார்.